கிளை இல்லாத பாசி

11 நவம்பர் 2024, திங்கள்

கேஸ் காலையிலேயே தீர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் குணசேகரன் டீகூடக் குடிக்காமல் ஷேர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். நான் பழைய சோற்றில் தயிர் விட்டுக் கரைத்துக் குடித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனேன்.

நாளை மறுநாள் இரண்டாம் ஆண்டு பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு. நுண்ணோக்கிகள் எட்டையும் துடைத்தேன். ஒன்றில் திருகு சுற்றவில்லை, எண்ணெய் விட்டேன். எங்கள் தாவரவியல் துறைத் தலைவர் சாமிநாதன் சார் அலமாரியிலிருந்து ஆறு ஜாடிகளை இறக்கி வைக்கச் சொன்னார். ஆறும் கடற்கரைப் பாறைகளில் வளரும் பச்சைப் பாசிகள். ஃபார்மலினில் வருடக்கணக்காக ஊறிப் பச்சையெல்லாம் போய் வைக்கோல் நிறத்தில் இருக்கின்றன. கீரை இலை போல விரிந்திருப்பது அல்வா. (அந்தப் பெயரைக் கேட்டு ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.) திராட்சைக் கொத்து போல இருப்பது காலர்பா. நூல் நூலாகச் சிவப்பு மூடி ஜாடியில் இருப்பது கிளாடோஃபோரா. நான் படித்தது பன்னிரண்டாம் வகுப்புதான். ஆனால் பார்த்துப் பார்த்து எனக்கே மனப்பாடம்.

மதியம் சார் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "டிசம்பர் கமிட்டியில உங்க பேரு இருக்குது நிர்மலா. இந்தத் தடவை பர்மனன்ட் ஆயிடும்."

ஒன்பது வருடம் தற்காலிக ஆய்வக உதவியாளர். வீட்டில் குணாவிடம் சொன்னேன். மறுபடி சொல்லு என்றார். மறுபடி சொன்னேன்.

13 நவம்பர், புதன்

தேர்வு முடிந்தது. கால் வலி. ஆனால் எழுத வேண்டியது அதுவல்ல.

ஆறு ஜாடிகளையும் பெயரை மறைத்து மேஜையில் வைத்திருந்தோம். பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பார்த்து, என்ன பாசி, எப்படித் தெரியும் என்று எழுத வேண்டும். முக்கால்வாசிப் பேர் ஜாடியைப் பார்த்ததுமே எழுதிவிட்டார்கள். மூடியின் நிறத்தை வைத்து மனப்பாடம் செய்திருப்பார்கள், எனக்குத் தெரியும். தணிகைச்செல்வி மட்டும் நாலாவது ஜாடி முன்னால் நின்றுவிட்டாள். பள்ளிப்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். அதிகம் பேச மாட்டாள். கை லென்ஸை ஜாடிக் கண்ணாடியில் ஒட்டவைத்துக் குனிந்து குனிந்து பார்த்தாள். மணி அடித்த பிறகுதான் நகர்ந்தாள்.

அப்புறம் வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவள் தாளைப் பார்த்து, "கிளாடோஃபோராவைப் போயி கீட்டோமார்ஃபானு எழுதி வச்சிருக்கியே?" என்றார். இவள், "சார், கிளாடோஃபோராவுக்குக் கிளை இருக்கும். அதுல கிளை இல்லீங்க சார்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "டிபார்ட்மென்ட்ல குடுத்த விடை தப்பு, நீ சொல்றது ரைட்டு. அப்படித்தான?" அதற்கு மேல் அவளை எதுவும் கேட்கவில்லை. போ என்று கையைக் காட்டினார்.

நான் ஜாடிகளைக் கழுவுமிடத்துக்குக் கொண்டுபோனபோது அங்கே நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா, அதுல கிளையே இல்லக்கா. நான் நல்லா பாத்தேன்."

"சரி விடு. மூஞ்சிய கழுவு" என்றேன். வேறென்ன சொல்வது?

14 நவம்பர், வியாழன்

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் நாலாவது ஜாடியைத் திறந்தேன். கண் எரிந்தது. இடுக்கியால் நாலு நூலை எடுத்துக் கழுவி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு நுண்ணோக்கியில் வைத்தேன்.

கிளை இல்லை.

இன்னும் நாலு நூல். இல்லை. செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, மணி கோத்தது போல, நேராகப் போகின்றன. எங்கும் பிரியவில்லை.

அலமாரியில் கீட்டோமார்ஃபா என்று ஒட்டியிருந்த நீல மூடி ஜாடியைத் திறந்தேன். அதில் ஒவ்வொரு நூலும் கிளை விட்டு, கிளையிலும் கிளை விட்டு…

இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. எப்படி என்று யோசிக்கவே வேண்டியதில்லை. போன டிசம்பர் புயல் மழையில் ஆய்வகம் ஒழுகி, கீழ்த்தட்டு ஜாடிகளின் லேபிள்கள் எல்லாம் ஊறி உரிந்து தரையில் மிதந்தன. அவற்றைக் காயவைத்துத் திரும்ப ஒட்டியது யார்? நான். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேனா? இல்லை. எல்லாம் எனக்கு மனப்பாடமாயிற்றே.

15 நவம்பர், வெள்ளி

யாரிடமும் சொல்லவில்லை.

19 நவம்பர், செவ்வாய்

சார் பேச்சுவாக்கில் சொன்னார். செய்முறையில் ஒரே ஒரு ஆள் ஃபெயில், தணிகைச்செல்வி, ரெண்டே மார்க்கில். அந்த ஜாடிக்கு முட்டை. வாய்மொழிக்கும் ஏறக்குறைய முட்டை. அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம். "அரியர்தான. அடுத்த வருஷம் எழுதிக்கட்டும்" என்றார்.

என் கையில் பீக்கர் இருந்தது. கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவினேன்.

21 நவம்பர், வியாழன்

அவள் இரண்டு நாளாகக் கல்லூரிக்கு வரவில்லை. அவளோடு பஸ்ஸில் வருகிற பெண்ணிடம் கேட்டேன். "இனிமே வர மாட்டாளாம்க்கா. வீட்ல நிறுத்திட்டாங்க. அவங்க பாவாவுக்கு, மாமா பையனுக்கு, பேசி முடிக்கப் போறாங்களாம்."

புதன்கிழமை எழுத்துத் தேர்வு ஆரம்பம். அதற்கும் வராவிட்டால் ஒரு தாள் மட்டுமில்லை, படிப்பே போச்சு.

குணாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே நிறுத்தினார்.

"நீ சொல்லலன்னா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

"கமிட்டிக்கு இன்னும் ஒரு மாசம்கூட இல்ல. நீயா போயி கழுத்த நீட்டுவியா? இன்னா பொம்பள நீ?" தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவர் சொல்வதும் நியாயம்தானே? ஒன்பது வருடம் இரண்டு பேரும் காத்திருந்தோம். நான் மட்டுமா? ஆனால் அந்தப் பெண் பார்த்ததைத்தானே எழுதினாள். முப்பத்திரண்டு பேரில் அவள் ஒருத்திதான் ஜாடிக்குள் இருந்ததைப் பார்த்தாள். அதற்காகவா அவள் படிப்பு போக வேண்டும்?

24 நவம்பர், ஞாயிறு

பள்ளிப்பட்டு போய் வந்தேன்.

குணாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார்.

அவர்கள் தெருவில் நுழையும்போதே பவர்லூம் சத்தம். அவள் அம்மா கெங்கம்மாள் தறியை நிறுத்திவிட்டு வந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்கம்மா. காலேஜ்லேர்ந்தா? ஃபீஸு ஏதாவது பாக்கியா?" என்றார். தணிகைச்செல்வி உள்ளே நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள், கிட்டே வரவில்லை.

நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "உங்க பொண்ணு தப்பா எழுதலீங்க. நான்தான் பேர மாத்தி ஒட்டிட்டேன். அவ எழுதினதுதான் ரைட்டு" என்றேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. என் தப்பை நானே கத்திச் சொல்ல வேண்டும் என்று இருந்தது போலும்.

கெங்கம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஃபெயிலாயிட்டா நிறுத்திடறதுன்னு அவங்க நைனா முன்னாடியே சொல்லிகினு இருந்தாரும்மா. இவ வந்து நான் கரெக்டாதாம்மா எழுதினேன், எழுதினேன்னு அழுவுறா. கரெக்டா எழுதினவங்கள எதுக்குடி ஃபெயிலாக்கப் போறாங்கன்னு நானே ரெண்டு போட்டேன்."

அவள் அடிவாங்கியது எனக்குத் தெரியாது. அங்கேயே அழுதுவிட்டேன். வெட்கமாக இருந்தது.

தணிகைச்செல்வி அப்போதுதான் கிட்டே வந்தாள். "நீங்க பாத்தீங்களாக்கா? மைக்ராஸ்கோப்புல?"

"ஆங். பாத்தேன்."

"கிளை இல்லதான?"

"ஒண்ணுகூட இல்ல."

அவள் சிரித்தாள். மார்க் திரும்ப வருமா என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரியாது. கெங்கம்மாள்தான் கேட்டார். "மார்க்கு என் கையில இல்லீங்க. ஆனா நாளைக்கு எழுதிக் குடுத்துடுவேன். புதன்கிழமை பரீட்சைக்கு மட்டும் அனுப்புங்க" என்றேன். "அவங்க நைனா வரட்டும், பேசிப் பாக்கறேன்" என்றார். டீ கொடுத்தார். வாசல் வரை வந்து, "தப்பு என்னுதுன்னு சொல்றதுக்கு பஸ்ஸு புடிச்சி வந்தீங்களே" என்றார். பாராட்டா வருத்தமா, தெரியவில்லை.

25 நவம்பர், திங்கள்

கடிதம் எழுதி எடுத்துப் போனேன். அரைப் பக்கம்தான். எழுத இரண்டு மணி நேரம்.

சார் படித்துவிட்டு மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். "இது மேல போச்சுன்னா பிரச்சனை உங்களுக்கு மட்டும் இல்ல நிர்மலா. தேர்வாளருக்குக் குடுத்த விடைக்குறிப்புல நான் கையெழுத்து போட்டிருக்கேன்" என்றார். "அந்தப் பொண்ண அடுத்த வருஷம் நானே நல்லா தயார் பண்ணி எழுத வைக்கறேன். இத இப்படியே விட்டுருங்க."

"அடுத்த வருஷம் அவ இருக்க மாட்டா சார்" என்றேன். பள்ளிப்பட்டு போனதைச் சொன்னேன்.

அவர் எழுந்து ஆய்வகத்துக்குப் போனார். இரண்டு ஜாடியையும் திறந்து அவரே கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தார். நான் வாசலில் நின்றேன். மின்சாரம் போய், வந்து, மறுபடி போயிற்று. அவர் நுண்ணோக்கியின் அடிக்கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "பதினேழு வருஷமா இதப் பாடம் நடத்தறேன்" என்றார். வெளியே வந்து கடிதத்தை முதல்வர் அறைக்கு அனுப்பினார்.

27 நவம்பர், புதன்

வந்தாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எழுதினாள்.

1 டிசம்பர், ஞாயிறு

இரண்டு நாளாகப் புயல் மழை. ஆட்டோ ஓடவில்லை. குணா வீட்டிலேயே இருக்கிறார். பேசுகிறார், ஆனால் உப்பு எங்கே, கரண்ட் வருமா, அவ்வளவுதான். ஆய்வகம் ஒழுகுமே என்று எனக்கு நினைப்பு. வியாழக்கிழமையே எல்லா ஜாடிகளையும் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டேன்.

4 டிசம்பர், புதன்

விசாரணை. முதல்வர், சாமிநாதன் சார், விலங்கியல் மேடம். முதல்வர் வணிகவியல்காரர். "எனக்குப் புரியற மாதிரி காட்டுங்க" என்றார்.

இடுக்கியை எடுத்தேன். அது என் வேலை. கையே செய்யும். முதலில் சிவப்பு மூடி ஜாடி. முதல்வர் ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"மணிமாலை மாதிரி இருக்குது."

"எங்கயாவது பிரியுதுங்களா சார்?"

நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். "இல்லியே."

அடுத்தது நீல மூடி. "ஆங்! இது மரம் மாதிரி இல்ல இருக்குது! இவ்ளோதானா வித்தியாசம்?"

"இந்த ரெண்டுக்கும் இதுதாங்க சார் முக்கியமான வித்தியாசம்."

நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் மாறிவிட்டது. "லேபிள் ஒட்டினது யாரு?"

"நான்தாங்க சார்."

நான் எதிர்பார்க்கவில்லை. சாமிநாதன் சார் எழுந்து நின்றார். "ஒட்டினது அவங்க. பாக்காம தேர்வுக்கு எடுத்து வச்சது நான். அத எழுதிக்குங்க சார். அந்தப் பொண்ணு எங்க ரெண்டு பேரையும் விட ஒழுங்கா பாத்துருக்கு."

மதிப்பெண்ணைத் திருத்தச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போகும் என்றார் முதல்வர். சாருக்கு விளக்கக் கடிதம். எனக்கு மெமோ.

20 டிசம்பர், வெள்ளி

கமிட்டி கூடியது. என் பெயரை எடுத்துவிட்டார்கள். மெமோ இருக்கும்போது முடியாதாம். தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் ஏன் இப்படி வலிக்கிறது? பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

குணாவிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டே வந்தேன். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

1 ஜனவரி 2025, புதன்

மலைக் கோயிலில் புத்தாண்டுப் படித்திருவிழாக் கூட்டம். நேற்றிலிருந்து குணாவுக்கு ஓய்வே இல்லை. மத்தியானம் வந்து படுத்தவர் எழுந்து டீ குடிக்கும்போது தானாகவே சொன்னார். மலைக்கு வந்த ஒரு குடும்பத்தை ஸ்டேஷனில் ஏற்றினாராம். ஊர் பள்ளிப்பட்டு. பேச்சோடு பேச்சாக என் பெயரையும் கல்லூரியையும் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா, "எங்க தெரு பொண்ணு படிக்குதே, அதுக்கோசரம் வந்து பேசினாங்களே, அந்தம்மாவா?" என்றாராம்.

"ஊரு பூரா தெரிஞ்சிபோச்சு, நீ தப்பு பண்ணது" என்றார். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "நல்லபடியாத்தான் சொல்லிகினு இருக்காங்க" என்றார்.

ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

8 பிப்ரவரி, சனி

கடல்!

பழைய ஜாடிகளை நம்ப முடியாது, புதிதாகச் சேகரிக்கலாம் என்று சார் பிள்ளைகளை மாமல்லபுரத்துக்கு வேனில் அழைத்துப் போனார். "நீங்களும் வாங்க நிர்மலா. இனிமே லேபிள கரையிலயே எழுதிடலாம்" என்றார். ஒன்பது வருடத்தில் இதுதான் முதல் தடவை. மற்ற வருடங்களில் பக்கெட் மட்டும் திரும்பி வரும், நான் கழுவுவேன்.

தண்ணீர் வடிந்த நேரம். பாறையெல்லாம் பச்சை. நான் இத்தனை நாள் பார்த்தது பாசியே இல்லை. வைக்கோல் நிற அல்வா இங்கே வாழைக்குருத்து போலப் பளபளக்கிறது. விரலுக்கிடையில் வைத்தால் ரேகை தெரிகிறது. ஒரு குழியில் கிளாடோஃபோரா, தண்ணீருக்குள் புகை போல, தொட்டால் அவ்வளவு மெது. வெளியே எடுத்தால் விரலோடு ஒட்டிச் சுருங்கிவிடுகிறது.

தணிகைச்செல்வி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலை அடிக்கும் பாறைப் பக்கம் போனாள். "அக்கா! இங்க வாங்க!" பாறையின் விளிம்பில் கொத்துக் கொத்தாக, பிரஷ் போல, கரும்பச்சையாக நின்றது. அலை வந்து மூடுகிறது, போனதும் எழுந்து நிற்கிறது. அவள் ஒரு நூலைப் பிடுங்கி வெயிலில் பிடித்தாள். நுண்ணோக்கி வேண்டாம், லென்ஸ்கூட வேண்டாம். வெறும் கண்ணுக்கே மணி மணியாகச் செல்கள் தெரிகின்றன. கீட்டோமார்ஃபா.

"இத ஒருதபா தொட்டுப் பாத்திருந்தா நான் மாத்தி ஒட்டியிருக்க மாட்டேன்டி" என்றேன்.

"எனக்கும் இது முதல்தபாதான்க்கா. புத்தகத்துல கிளை இல்லன்னு போட்டிருந்துச்சி, அத வச்சிதான் எழுதினேன்" என்றாள்.

தடித்த காகிதத்தில் பென்சிலால் எழுதி ஜாடிக்குள்ளேயே போட்டால் மழை வந்தாலும் உரியாதே என்று சாரிடம் கேட்டேன். "இத முன்னாடியே செஞ்சிருக்கணும்" என்றார். பதினொரு ஜாடி. ஒவ்வொன்றையும் லென்ஸில் பார்த்து, பிள்ளைகளையும் பார்க்கச் சொல்லி, அப்புறம்தான் எழுதினேன். உள்ளங்காலில் சிப்பி கிழித்துவிட்டது. வேனில் வரும்போதுதான் தெரிந்தது.

12 மார்ச், புதன்

திருத்தம் வந்துவிட்டது. தணிகைச்செல்வி பாஸ். சார் அவளை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டு என் எதிரில் சொன்னார். அவள் உடனே வீட்டுக்கு போன் போட்டாள். பின்னால் தறிச் சத்தம் எனக்கே கேட்டது. "யம்மா, பாஸும்மா! பாஸு!" அங்கே சத்தம் நின்றது.

30 ஜூன், திங்கள்

புது வகுப்பு. மூட்டு வலிக்கு எண்ணெய் வாங்க வேண்டும்.

16 டிசம்பர், செவ்வாய்

இந்த வருடக் கமிட்டி தள்ளிப் போய்ப் பிப்ரவரியாம். பட்டியலில் என் பெயரைச் சார் மறுபடி சேர்த்திருக்கிறார். குணாவிடம் சொன்னேன். "வரட்டும், பாக்கலாம்" என்று எனக்கும் சேர்த்து டீ போட்டார்.

24 ஜனவரி 2026, சனி

மறுபடி மாமல்லபுரம். இந்தத் தடவை முதலாம் ஆண்டு பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைச் சார் என்னிடமும் தணிகைச்செல்வியிடமும் விட்டுவிட்டார். தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் ஒன்பது ஜாடி.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. பாறைப் பிளவுக்குள் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. தணிகைச்செல்விதான் படுத்துக்கொண்டு எடுத்தாள். கரும்பச்சை, மெத்தை போல, அமுக்கினால் திரும்ப எழும்புகிறது. லென்ஸில் பார்த்தோம். கிளை இருப்பது போலவும் இல்லாதது போலவும் இருந்தது. புத்தகத்தை இரண்டு தடவை புரட்டினோம். சாரிடம் காட்டினோம். அவர் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தெரியலியே" என்று சிரித்தார். சுற்றி நின்ற பிள்ளைகள் என் கையில் இருந்த பென்சிலையே பார்த்தார்கள்.

"இன்னாக்கா எழுதப் போறீங்க?" என்றாள் தணிகைச்செல்வி.

"தெரியலன்னா தெரியலன்னுதான எழுதணும்."

எழுதினேன். அவள் ஜாடியைப் பிடித்துக்கொண்டாள்.

பெயர்: தெரியவில்லை. பார்க்க வேண்டும்.
இடம்: மாமல்லபுரம், தெற்குப் பாறை, பிளவுக்குள்.
சேகரித்தவர்கள்: ஆ. தணிகைச்செல்வி, மூன்றாம் ஆண்டு, கு. நிர்மலா.